விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஆபீஸ் ஃபோல்டர் திறக்கவில்லை

பேரேடு:
ஆடிட்டர் ஆபீஸ், எட்டு கம்ப்யூட்டர். வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய, ஆபீஸ் ரூட்டரிலேயே ஓப்பன்விபிஎன் சர்வர் ஓடுகிறது. ஸ்டாட்டிக் ஐபி உண்டு, யுடிபி 1194. டாலி கணக்கு மென்பொருளும் ஷேர் ஃபோல்டரும் உள்ள மெயின் சிஸ்டம் 192.168.1.50, வின்டோஸ் 11 ப்ரோ. வீட்டு வைஃபையில் விபிஎன் பச்சை காட்டுகிறது, ஆனால் ஃபோல்டரும் இல்லை, ரிமோட் டெஸ்க்டாப்பும் (அந்த சிஸ்டத்தின் திரையை இங்கிருந்தே இயக்குவது) இல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் வருகிறது. வீட்டு ரூட்டர் 192.168.1.1. எங்கே பார்ப்பது?

கம்பிவடம்:
இரண்டு தனித்தனிக் கோளாறு சார். ஹாட்ஸ்பாட் சோதனை அதைப் பிரித்துக் காட்டிவிட்டது.

வீட்டில் எதுவுமே வராததற்குக் காரணம், ஆபீஸும் வீடும் ஒரே 192.168.1 ஐபி ரேஞ்சில் இருப்பது. 192.168.1.50 என்று கேட்டால் லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, விபிஎன் பாதைக்குள் (டனல்) அனுப்புவதே இல்லை. ஓப்பன்விபிஎன் லாகைத் திறந்து பாருங்கள், 'ரூட் சப்நெட் கான்ஃப்ளிக்ட்' என்று எச்சரிக்கை வரி இருக்கும். இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமென்றால், லேப்டாப்பில் உள்ள விபிஎன் கிளையன்ட் கான்ஃபிக் ஃபைலில் 192.168.1.50-க்கு மட்டும் 255.255.255.255 மாஸ்க்கோடு (அந்த ஒரே ஐபி என்று அர்த்தம்) ஒரு ரூட் வரி, அதாவது வழி காட்டும் வரி, சேருங்கள். ஒற்றை ஐபிக்கான ரூட், முழு ரேஞ்சுக்கான ரூட்டை முந்திவிடும். நிரந்தரத் தீர்வு ஆபீஸ் ரேஞ்சை மாற்றுவதுதான். நாளைக்கு இன்னொரு ஸ்டாஃப் வீட்டிலும் இதே 192.168.1 இருக்கும், ஒவ்வொரு வீட்டு ரூட்டரையும் நாம் மாற்ற முடியாது. 192.168.73 மாதிரி யாரும் எளிதில் வைக்காத எண்ணாகப் பாருங்கள். 0, 1 இரண்டும் வேண்டாம்.

ஹாட்ஸ்பாட்டிலும் ஃபோல்டர் வராதது மெயின் சிஸ்டத்தின் ஃபயர்வாலால். பிரைவேட் ப்ரொஃபைலில் ஃபைல் ஷேரிங் ரூல், லோக்கல் சப்நெட்டிலிருந்து (அதே ஐபி ரேஞ்சிலிருந்து) வருபவர்களை மட்டும் விடும். விபிஎன் வழியாக வருபவரின் ஐபி 10.8.0.x, அதனால் வெளியாள் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ரிமோட் டெஸ்க்டாப் ரூலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் அது மட்டும் வந்தது. அட்வான்ஸ்ட் செக்யூரிட்டி ஃபயர்வால், இன்பவுண்ட் ரூல்ஸ், ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் எஸ்எம்பி-இன், அதில் ஸ்கோப் டேப். ரிமோட் ஐபியில் 10.8.0.0/24 சேருங்கள். ஃபயர்வாலையே ஆஃப் செய்துவிடாதீர்கள்.

விரைவுவழி:
இவ்வளவு எதற்கு? ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை மெயின் சிஸ்டத்துக்குத் திருப்பிவிட்டால் விபிஎன்னே வேண்டாமே.

காவல்கோட்டை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்த 3389-ஐத் தேடி இணையம் முழுக்க ஸ்கேனர்கள் ஓயாமல் ஓடுகின்றன. கிடைத்ததும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பார்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வரும் முக்கிய வாசல்களில் இதுவும் ஒன்று. 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டையில், பழைய வின்டோஸ்களுக்குள் நுழைய பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்சிக்காரர்களின் பான், வங்கி விவரம் எல்லாம் இருக்கும் ஆபீஸ் இது.

பேரேடு, இன்னொன்று. ஃபோல்டர் திறந்தாலும் டாலி டேட்டாவை அதன் வழியாக ஓட்டாதீர்கள். நெட் நடுவில் அறுந்தால் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, வேகமும் இருக்காது. ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அந்த சிஸ்டத்திலேயே டாலியைத் திறங்கள். ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், நீங்கள் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை லாக் ஆகும். ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆக, பயாஸில் ஏசி பவர் லாஸ் செட்டிங்கை 'பவர் ஆன்' என்று வையுங்கள்.

பேரேடு:
மிக்க நன்றி. அந்த ஒற்றை ரூட் வரியைப் போட்டதும் வீட்டு வைஃபையில் ரிமோட் டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஸ்கோப் மாற்றியதும் ஃபோல்டரும் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ரேஞ்சை மாற்றலாம் என்றால், எதெல்லாம் நின்றுபோகும்?

கம்பிவடம்:
கையால் ஐபி போட்ட எல்லாமே. பிரின்டர், சிசிடிவி டிவிஆர், கைரேகை அட்டென்டன்ஸ் மெஷின் இவற்றை முதலில் புது ரேஞ்சுக்கு மாற்றிவிட்டு, ரூட்டரைக் கடைசியில் மாற்றுங்கள். ரூட்டரை முதலில் மாற்றினால் பழைய ஐபியில் இருக்கும் மெஷினைப் பிடிப்பது பெரிய தொல்லை. மெயின் சிஸ்டத்தை டிஹெச்சிபியில் (ரூட்டரே ஐபி கொடுக்கும் முறை) விட்டு, அதன் மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டின் தனி எண்) 192.168.73.50 என்று ரூட்டரில் ரிசர்வ் செய்யுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும். பழைய ஐபி வைத்து மேப் செய்த டிரைவ், டாலி லைசென்ஸ் சர்வர் முகவரி, டிவிஆருக்கான போர்ட் ஃபார்வர்டிங் மூன்றையும் திருத்துங்கள். விபிஎன் சர்வர் லேப்டாப்புகளுக்கு அனுப்பும் (புஷ்) ரூட்டையும் 192.168.73.0 ஆக்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்டாஃப் வைத்திருக்கும் கிளையன்ட் ஃபைலில் இருப்பது வெளி ஐபி, அதைத் தொட வேண்டாம். நீங்கள் சேர்த்த அந்த ஒற்றை ரூட் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.