பாட்டினாவைக் 'களிம்பு' என்று எழுதலாமா? பழங்காசுப் பாதுகாப்புக்கு இரண்டு சொற்கள்

அன்புடையீர்,

பழைய செப்புக்காசுகளின் மேல் காலப்போக்கில் உண்டாகும் பச்சை, பழுப்பு, கறுப்பு நிறப் பரப்பைப் பாட்டினா என்கிறார்கள். 'களிம்பு' என்ற நல்ல சொல் கைவசம் இருக்கும்போது இதற்குப் புதுச்சொல் எதற்கு என்ற கேள்வி எழுந்திருக்கிறது. வழக்கில் உள்ள சொல்லை ஒதுக்கிவிட்டுப் புதிது புனைவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆயினும் இந்த ஓரிடத்தில் களிம்பு என்று எழுதினால் காசுகள் அழியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

களிம்பு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அதை நீக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்கு உவமை. செம்போடு உடன் இருப்பதே ஆனாலும் போக்கப்பட வேண்டியது. ஒரு பாத்திரம் களிம்பேறிவிட்டது என்று சொல்பவர் அடுத்து அதைத் துலக்கத்தான் போகிறார். இந்தச் சொல்லைக் காசுக்குக் கொண்டுவந்தால் துலக்கும் பழக்கமும் அதனோடு வந்து சேரும்.

அப்படி வந்து சேர்ந்ததால் நான் ஒரு காசை இழந்திருக்கிறேன். களிம்பு முழுவதும் நீங்கும்வரை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கச் சொன்ன ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பை நம்பி, கரும்பச்சையாக வழவழவென்றிருந்த செப்புக்காசு ஒன்றை அதில் போட்டேன். அதன் விளிம்பையொட்டி இருந்த நான்கைந்து எழுத்துகளை முதல்நாள்தான் உருப்பெருக்கியில் பார்த்துப் படித்திருந்தேன். சிறிது நேரத்தில் கரைசல் வெளிர்நீலமாயிற்று. எடுத்துப் பார்த்தபோது, அம்மைத் தழும்பு போன்ற குழிகளோடு இளஞ்சிவப்பான வெறும் செம்பு வில்லை ஒன்றுதான் கையில் இருந்தது. அந்த எழுத்துகள் செம்பில் இருக்கவில்லை, பச்சையில்தான் இருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

மண்ணில் புதைந்த செம்பின் மேற்பரப்பு, குப்ரைட் எனப்படும் செந்நிற ஆக்சைடாகவும் அதன் மேல் மாலகைட் எனப்படும் பச்சைக் கார்பனேட்டாகவும் மெல்ல மெல்ல மாறுகிறது. இந்த மாற்றம் சீராக நிகழ்ந்திருந்தால், அச்சிட்ட அன்று காசுக்கு இருந்த வடிவத்தை, எழுத்தின் கூர்மை உட்பட, இந்தக் கனிமங்களே ஏந்தி நிற்கும். உள்ளே எஞ்சியிருக்கும் உலோகத்தின் பரப்போ பல நேரங்களில் அரிக்கப்பட்டு ஒழுங்கற்றுக் கிடக்கும். எனவே பாட்டினா காசின் மேல் படிந்த அழுக்கன்று, காசின் தோலே அதுதான். களிம்புக்கு மாற்றாக இதைப் 'பாசி' என்றால் உயிருள்ள ஒன்று வெளியிலிருந்து வந்து படர்ந்ததாகப் பொருள்படுகிறது. 'படலம்' என்றால் கண்ணில் விழுந்த படலத்தைப் போல உரித்து எடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஆகவே 'முதுமேனி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். மேனியை யாரும் சுரண்டி எடுக்க மாட்டார்கள். 'கரும்பச்சை முதுமேனி', 'முதுமேனி கெடாத காசு' என்றெல்லாம் தொடரில் இயல்பாக அமைகிறது. வெள்ளிக்காசில் சல்பைடால் வரும் கருமைக்கும் இதையே நீட்டலாமா என்பதில் எனக்கு அவசரமில்லை. 'கறுத்தல்' என்ற சொல்லே இப்போதைக்குப் போதும்.

இரண்டாவது சொல் இதைவிட அவசரமானது. செப்புக்காசை உள்ளிருந்து அரிக்கும் ஒருவகைச் சிதைவை ஆங்கிலத்தில் 'bronze disease' என்பார்கள். அதை 'வெண்கல நோய்' என்று நேரடியாக மொழிபெயர்த்து எழுதுகிறோம். ஆனால் அது வெண்கலத்துக்கு மட்டும் உரியதன்று, தனிச் செம்பிலும் வரும். கிருமியால் வரும் நோயுமன்று. காசின் உள்ளே தங்கிய செம்பு குளோரைடு, ஈரமும் ஆக்சிஜனும் பட்டவுடன் வெளிர்பச்சைப் பொடியாக மாறி, கூடவே அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் நல்ல செம்பை அரித்து மீண்டும் குளோரைடை உண்டாக்க, சுழற்சி ஓயாமல் தொடர்கிறது. ஒரே மண்ணிலிருந்து வந்து ஒரே ஈரக்காற்றில் கிடக்கும் காசுகள் ஒருங்கே கெடுவதைப் பார்த்துத் தொற்று என்று மயங்குவதற்கு 'நோய்' என்ற சொல்லும் துணைபோகிறது.

இதற்குச் 'செப்புப்புற்று' என்பது என் பரிந்துரை. உருப்பெருக்கியில் பார்த்தால் முதுமேனி வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். அதன் நடுவே ஓரிடத்தில் மட்டும் வெளிர்பச்சைப் பொடி சிறு குவியலாகத் தள்ளப்பட்டிருக்கும். மரக்குச்சியின் முனையால் மெல்லத் தொட்டால் பொடி உதிர்ந்து கீழே குழி தெரியும். வெளியே குவியல், உள்ளே குடைவு என்பதுதானே புற்றின் இயல்பு. புற்றுநோயை நினைவூட்டுகிறதே என்பவர்களுக்கு, அதுவும் உள்ளிருந்தே அரிப்பது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று என்பதே என் விடை.

'சுத்தம் செய்தல்' என்ற பொதுச்சொல்லையும் கைவிடலாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையாலோ மூங்கில் குச்சியாலோ மண்ணை மட்டும் எடுப்பதை 'மண்ணெடுத்தல்' என்றே சொன்னால், வேலை எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும்.

என்னை ஏமாற்றிய அந்தக் குறிப்பை இச்சொற்களைக் கொண்டு இப்படித் திருத்தி எழுதலாம்: "காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மண்ணெடுங்கள், முதுமேனியைத் தொடாதீர்கள். செப்புப்புற்று தென்பட்டால் அந்தக் காசை உடனே தனியே எடுத்து, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்படி ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் கரைசலில் ஊறவைக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் விடுங்கள். அந்த வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையது."