அட்டாக் ஆன் டைட்டன் அனிமேயின் கிளைக்கதையான நோ ரிக்ரெட்ஸில் உங்களை விடாமல் துரத்தும் காட்சி எது?

மழைநிழல்:
கதை எல்லாருக்கும் தெரியும், நேராக அந்த மழைக்கே வருகிறேன். மனிதரைத் தின்னும் ராட்சதர்களான டைட்டன்களோடு சுவருக்கு வெளியே மோதும் படையின் அதிகாரி எர்வின். அவரைத் தீர்த்துக்கட்ட, பாதாள நகரத்திலிருந்து அதே படைக்கு வந்த லீவாய் மூடுபனிக்குள் தனியாகப் போகிறான். அவனோடு வந்த நண்பர்கள் ஃபர்லானும் இசபெல்லும் பின்தங்கிவிடுகிறார்கள். அவன் திரும்பி வரும்போது தரையில் இசபெல்லின் தலை. அட்டாக் ஆன் டைட்டனில் எத்தனையோ சாவுகளைப் பார்த்தாச்சு, ஆனால் இது வேறு. "அண்ணா, அண்ணா" என்று அவன் பின்னாலேயே சுற்றிய பெண் அவள். நிமிர்ந்தால் டைட்டனின் வாயில் ஃபர்லான். அங்கேயே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் பார்த்தேன்.

பாதாளநகரம்:
எனக்கு அதற்கு அடுத்த காட்சி. லீவாய் வாளை நீட்டுகிறான். எர்வின் வெறுங்கையால் அதன் அலகைப் பிடிக்கிறார். விரலிடுக்கில் ரத்தம் வழிகிறது, ஆனால் குரலில் நடுக்கமே இல்லை. லீவாயும் நண்பர்களும் உயிரைப் பணயம் வைத்துத் தேடி வந்த ஆவணம் போலி என்று தூக்கி எறிகிறார். வருத்தப்பட ஆரம்பித்தால் அடுத்த முடிவு மழுங்கிவிடும் என்று அவர் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பிணங்கள் பக்கத்தில் கிடக்கும்போது இப்படிப் பேச ஒரு மனிதனால் முடியுமா? முடிந்திருக்கிறது, லீவாயும் அவர் பின்னால் போகிறான். இன்றுவரை அது எனக்குச் செரிக்கவில்லை.

இடதுகைவாள்:
பாதாளநகரம், கோபம் சரி, ஆனால் எர்வினைக் குற்றவாளி ஆக்காதீர்கள். கொல்ல ஆள் அனுப்பியது லோவோஃப் என்ற அரசியல்வாதி. ஒப்புக்கொண்டு வந்தது இவர்கள். நண்பர்களை விட்டுத் தனியாகப் போனதும் லீவாய் எடுத்த முடிவு.

பாதாளநகரம்:
விருப்பப்பட்டா படையில் சேர்ந்தார்கள்? பிடித்துவந்து, எர்வினின் ஆளான மைக் லீவாயின் முகத்தைச் சேற்றுத் தண்ணீரில் அமுக்கிய பிறகு வைத்த பேரம் அது. அதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சுவருக்குவெளியே:
நான் ஓவிஏ (டிவியில் வராமல் வட்டில் வெளியான அனிமே) மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பாதாள நகரத்துக் கூரைகளுக்கு நடுவே மூவரும் பறக்கும் தொடக்கம் நெஞ்சில் நிற்கிறது, அவ்வளவுதான். புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கதையில் முன்னால் நடப்பது என்பதற்காக இதை முதலில் பார்க்காதீர்கள். மூலத் தொடரின் முதல் சீசனை முடியுங்கள். ராட்சத மரங்களின் காட்டில், வருத்தமில்லாத முடிவை நீயே எடு என்று தொடரின் நாயகன் எரெனிடம் லீவாய் சொல்வான் இல்லையா? அதைக் கேட்டபின் இங்கே வந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்று புரியும். மூன்றாம் சீசனுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள், அதில் பாதாள நகரமும் லீவாயை வளர்த்த கென்னியும் வருவார்கள். ஓவிஏ இரண்டே பாகம். 2014 டிசம்பரில் மூல மங்காவின் (ஜப்பானியக் காமிக்ஸ்) 15ஆம் தொகுதியோடு ஒன்று, 2015 ஏப்ரலில் 16ஆம் தொகுதியோடு இன்னொன்று வந்தது. அப்புறம் இதே கதையைச் சுருகா ஹிகாரு வரைந்த மங்காவையும் தேடிப் படியுங்கள், அதுவும் இரண்டே தொகுதிதான். ஓவிஏவைப் பார்த்த சூட்டோடு படிக்காதீர்கள், கொஞ்ச நாள் விடுங்கள்.

மழைநிழல்:
நன்றி, ஆனால் நான் கேட்டது வரிசை இல்லை :)

தேநீர்க்கோப்பை:
மங்கா படித்தவள் சொல்கிறேன். படையில் சேர்ந்ததும் கொடுத்த படுக்கையின் அழுக்கு லீவாய்க்குப் பொறுக்காது. வாளைத் தலைகீழாகப் பிடிக்கிறான் என்று மேலதிகாரி குறை சொல்லும் பக்கத்தில் சிரித்தேன். அப்படிச் சிரிக்க வைத்துவிட்டு சுவருக்கு வெளியே கூட்டிப்போகிறார்கள், அதுதான் கொடுமை.

இடதுகைவாள், ஒன்று கேட்கிறேன். மூலத் தொடரில், ஷிகான்ஷினா நகரத்துக் கூரையில் சாகக் கிடந்த எர்வினுக்கு உயிர்காக்கும் ஊசி போடாமல் விட்டானே லீவாய், அங்கேயும் அவன் முடிவு மட்டும்தானா? அந்த மழையில் வாளைப் பிடித்த கை அவனுக்கு ஞாபகம் வந்திருக்காதா?

இடதுகைவாள்:
வந்திருக்கும். அதனால்தான் அவரை எழுப்பாமல் விட்டான் என்று நினைக்கிறேன். அந்த நரகத்துக்கு இன்னொரு முறை இழுத்துவர அவனுக்கு மனமில்லை.

பாதாளநகரம்:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சேற்றுத் தண்ணீர் விஷயத்தில் இல்லை.