நெல்லு மில்லில் ரீசெட் ஆகும் போர்ட்: நொய்ஸ் ஃபில்டருக்கு எதைப் போடலாம்?

வாவிக்கரை:
சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல்லு மில்லுக்கு ட்ரையர் கன்ட்ரோல் போர்ட் செய்கிறேன். மூளையாக இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், 12 வோல்டை 5 ஆக்க எல்எம்2596 சுவிட்சிங் ரெகுலேட்டர், சின்ன ரிலே ஒன்று, அது கொன்டாக்டரை (மோட்டருக்கான பெரிய ரிலே) இழுக்கும், கொன்டாக்டர் ஃபேன் மோட்டரை ஓட்டும். களுவாஞ்சிகுடியில் என் மேசையில் ஒரு குறையும் இல்லை. மில்லில் சூடு அளக்கிற தெர்மிஸ்டரின் ரீடிங் மேலும் கீழும் துள்ளுது, கொன்டாக்டர் விடுகிற நேரம் போர்டே ரீசெட் ஆகுது. அடுத்த பிசிபி ஓடர் போடப்போகிறேன். 5 வோல்ட் லைனில் நொய்ஸை விழுங்க 600 ஓம் ஃபெரைட் பீட் (லைனில் போடுகிற சின்ன ஃபெரைட் துண்டு) போதுமா, இல்லாட்டி 1000 ஓம் எடுக்கவா?

ஒலுவில் பொடியன்:
அண்ணே, அந்த 600 ஓம் 100 மெகாஹெர்ட்ஸில் அளந்த கணக்கு. எல்எம்2596 சுவிட்ச் ஆவது 150 கிலோஹெர்ட்ஸில், அங்கே பீட் வெறும் கம்பித்துண்டு மாதிரிதான், 1000 வாங்கினாலும் அதே கதி. போதாக்குறைக்கு கரண்ட் ஏற ஏற பீட்டின் தடை இறங்கும், 1 ஆம்பியர் பீட்டில் அரை ஆம்பியர் ஓடினாலே சொன்ன அளவு நிற்காது, அந்த கிராஃப் இல்லாத டேட்டாஷீட் என்றால் வாங்கவே வேண்டாம். ரிப்பிளை, அதாவது சுவிட்ச் ஆவதால் 5 வோல்டில் வரும் அலையை, அடிக்கத்தான் வேண்டும் என்றால் 10 மைக்ரோஹென்றி கொயிலும் 100 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக்கும் போடுங்கள், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும். தனி செரமிக் போட்டால் கொயிலோடு சேர்ந்து ரிங் ஆகும், அதாவது வோல்டேஜ் அதிரும், எலெக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை அதை அடக்கும்.

ஆனால் ரீசெட் இதால் வருகிறது என்று எனக்குப் படவில்லை. போர்டை பவர் பேங்கில் விட்டு, கொன்டாக்டரைத் தனி சுவிட்சில் போட்டு நிறுத்திப் பாருங்கள்.

வாவிக்கரை:
பார்த்தேன் தம்பி. பவர் பேங்கிலும் ரீசெட் ஆகுது. தெர்மிஸ்டர் வயரைக் கழற்றினால் நின்றுவிடுது. அந்த வயர் மோட்டர் கேபிள் போகிற அதே குழாய்க்குள்தான் போகுது, தனிக் குழாய்க்கு மில்காரர் சம்மதிக்கிறார் இல்லை.

மில் எலக்ட்ரீசியன்:
அப்ப பீட்டை மறந்திடுங்க தம்பி. கொன்டாக்டர் கொயில் நிற்கிற கணத்தில் எழும்புகிற அடிதான் அந்த வயரில் ஏறுது, அதை எழும்புகிற இடத்திலேயே அமுக்கணும். 100 ஓம் 1 வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே போடச் செய்த) கப்பாசிட்டரும் தொடராக, கொன்டாக்டர் கொயிலின் ஏ1, ஏ2 டெர்மினலிலேயே பூட்டுங்க. சிலர் இதை ரிலே கொன்டாக்டுக்குக் குறுக்கே போடுவாங்க. அப்படிப் போட்டால் ரிலே திறந்திருந்தாலும் 230 வோல்டில் 7 மில்லியாம்பியர் வரை கசியும், சின்னக் கொயில் என்றால் விடாமல் உறுமிக்கொண்டே நிற்கும். டயோடை ஏசி கொயிலில் போட்டுடாதீங்க, அது போர்டில் இருக்கிற 12 வோல்ட் ரிலேக்கு மட்டும்.

மறுகா, தெர்மிஸ்டர் வயரை முறுக்கிய ஷீல்ட் கேபிளாக மாத்துங்க. ஷீல்டை போர்ட் பக்கம் மட்டும் கிரவுண்ட் பண்ணினால் போதும்.

ஒலுவில் பொடியன்:
எலக்ட்ரீசியன் நானா சொன்னது சரி, பிசிபியில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வயர் வந்து பூட்டுகிற டெர்மினல் பக்கத்திலேயே 0.1 மைக்ரோ செரமிக், அப்புறம் ரீடிங் எடுக்கிற ஏடிசி பின்னுக்கு முன்னால் 1 கிலோஓமும் 10 மைக்ரோவும். 16 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் படுத்துவிடும், நெல்லுச் சூடு ஒன்றும் அந்த வேகத்தில் மாறாது. இஎஸ்பி32 இன் இஎன் (ரீசெட்) பின்னில் 10 கிலோஓம், 1 மைக்ரோ இருக்கிறதா? வெறும் மொடியூல் என்றால் நீங்கள்தான் போட வேண்டும், அதுவும் பின்னை ஒட்டி. பீட்டுக்கு 0805 அளவில் இடம் ஒன்று விட்டு இப்போதைக்கு சைபர் ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அதைவிடச் சின்ன 0402 போட்டுக் கையால் பற்றவைத்துக் கண்ணைக் கெடுக்காதீர்கள்.

வாவிக்கரை:
பழைய டீவி பவர் சப்ளையில் கழற்றின மஞ்சள் கப்பாசிட்டர் கொஞ்சம் கிடக்கு அண்ணன், போடலாமா?

மில் எலக்ட்ரீசியன்:
மேலே எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று இருந்தால் டெஸ்டுக்குப் போடுங்க, அதற்கு முன் மீட்டரில் ஒருக்கா அளங்க, பழசில் அளவு குறைந்திருக்கும். மில்லில் விட்டுட்டு வருவதற்குப் புதுசு வாங்குங்க. 400 வோல்ட் என்று மட்டும் எழுதின சாதாரண ஃபிலிம் கப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம், அது டிசி கணக்கு, ஷோர்ட் ஆனால் உமித்தூசு பறக்கிற இடத்தில் நெருப்பு.