டீசல் டேங்க் மாத்தியாச்சு, தளத்தை எப்படி மூடுறது?

கேள்வி: தூத்துக்குடியில அப்பாவோட பைபர் போட். டேங்க் துருப்பிடிச்சு ஒழுகுனதால மேல்தளத்தை அறுத்துப் புது டேங்க் வச்சோம். அறுத்த துண்டையே திரும்ப ஒட்டலாமாண்ணே? அந்தத் துண்டோட ஓரத்துல, பைபருக்கு உள்ள இருக்கிற பிளைவுட் கறுத்து, நகத்தால அழுத்துனா தண்ணி கசியுது.

பதில்: அந்தத் துண்டைத் திரும்ப வைக்காதீங்க தம்பி. தளத்துல அறுத்த ஓரத்தையும் நல்ல காஞ்ச மரம் தெரியிற வரை சுரண்டுங்க. புது மரைன் பிளைல (தண்ணி தாங்குற பிளைவுட்) வெட்டுமுனை எல்லாம் எபாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து இறுகுற பிசின்) ஊறணும்.

இன்னொருவர்: விளிம்பை நேர்வெட்டா விட்டா விரிசல் விடும். பைபர் கனத்துக்கு 12 மடங்கு அகலம் சரிவா தேய்ங்க. எபாக்ஸின்னா நெய்த கண்ணாடி நார்த் துணிதான். சாதா மேட்ல (நறுக்கின கண்ணாடி நாரைப் பசையால ஒட்டுன விரிப்பு) இருக்கிற பசை எபாக்ஸில கரையாது.

கேட்டவர்: முழுசா ஒட்டிடவாண்ணே?

பதில்: வேண்டவே வேண்டாம். ஹோஸ் இணைப்புக்கு நேர் மேல ஒரு திறப்பு மூடி வைங்க. மூடுறதுக்கு முன்னாடி டேங்கைக் கசிவு பாத்துடுங்க.