பிஎச்டி நடுவுல பிரசவ விடுப்பு எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். மெக்கானிக்கல்ல முழுநேர பிஎச்டி, 2023 ஜனவரி சேர்க்கை. பிரசவத்துக்கு 180 நாள் விடுப்பு எடுத்துட்டுத் திரும்பியிருக்கேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு மொத்தம் 240 நாள் வரை விடுப்பு கொடுக்கலாம். மீதி 60 நாளைக் குழந்தை பராமரிப்புக்குக் கேட்டா, "ஒரு தடவைதாம்மா"ன்னு ஆபீஸ் செக்‌ஷன்ல சொல்லிட்டாங்க. கைடு கையெழுத்து, எச்ஓடி சீல் எல்லாம் இருந்த விண்ணப்பம். ஓரத்துல பென்சிலால ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க!

அதைவிடப் பெரிய தலைவலி, விடுப்புல இருந்த செமஸ்டர்ல ஆய்வு ஆலோசனைக் குழு முன்னாடி நான் ஆஜராகி முன்னேற்ற அறிக்கை கொடுக்கலை. அந்த முன்னேற்ற அறிக்கை இல்லாம இந்த செமஸ்டர் ஃபீஸ் வாங்க மாட்டாங்களாம். பச்சக்குழந்தையை வச்சுக்கிட்டு எந்த டேட்டாவைக் காட்டியிருக்க முடியும்?

விடுப்பை ரெண்டாப் பிரிச்சு எடுத்தவங்க, அறிக்கைக்கு விலக்கு வாங்கினவங்க இருந்தா, யாருக்கு எழுதினீங்க, என்னென்ன இணைச்சீங்கன்னு சொல்லுங்க. பெயரை மறைச்சு ஆர்டர் நகல் அனுப்பினா புண்ணியமாப் போகும்.