ஃபைல் பெயரோடு முழு பாத்தும் வர என்ன கட்டளை?

கேள்வி:
லினக்ஸ் டெர்மினலில் சப்ஃபோல்டர்களையும் சேர்த்து, பட்டியல் போடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் ஃபோல்டர் பெயர் தலைப்பு மாதிரி தனியாக வருகிறது, கீழே வெறும் ஃபைல் பெயர்கள். எனக்கு ஒவ்வொரு வரியும் முழு பாத்தாக, அதாவது ஃபைல் இருக்கும் இடத்தின் முழு முகவரியாக, / குறியில் தொடங்க வேண்டும். ஃபைல் தேடும் 'ஃபைண்ட் .' (புள்ளி என்றால் இப்போது இருக்கும் ஃபோல்டர்) போட்டால் எல்லாம் ./ என்று ஆரம்பிக்கிறது. பட்டியலை இன்னொரு ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கணும். சில பெயர்களில் ஸ்பேஸும் இருக்கு.

பதில் 1:
தேடலை எங்கே தொடங்கச் சொல்கிறீர்களோ, அதையே ஃபைண்ட் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒட்டும். புள்ளி கொடுத்தால் புள்ளிதான் வரும். முழு பாத்தைக் கொடுங்கள் ($பிடபிள்யூடி என்பது இப்போது இருக்கும் ஃபோல்டரின் பாத்தை வைத்திருக்கும் மாறி, -டைப் எஃப் என்றால் சாதாரண ஃபைல்கள் மட்டும்):

ஃபைண்ட் "$பிடபிள்யூடி" -டைப் எஃப்

இரட்டை மேற்கோளை விடாதீர்கள். அது இல்லாமல், ஃபோல்டர் பெயரில் ஸ்பேஸ் இருந்தால் பாஷ் (நாம் அடிக்கும் கட்டளையை வாசிக்கும் ஷெல்) அதை இரண்டாக உடைத்துவிடும். ஒற்றை மேற்கோள் போட்டால் மாறி விரியாது, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று எரர் வரும். சப்ஃபோல்டர் வேண்டாமென்றால் -மேக்ஸ்டெப்த் 1, அதுவும் -டைப்புக்கு முன்னால். பின்னால் வைத்தால் க்னூ ஃபைண்ட் எச்சரிக்கும்.

பதில் 2:
ஒரே ஃபோல்டருக்கு இதுவும் போதும்:

எல்எஸ் -டி "$பிடபிள்யூடி"/*

நட்சத்திரம் மேற்கோளுக்கு வெளியே இருக்கணும். -டி இல்லாவிட்டால் சப்ஃபோல்டருக்குள் இருப்பதையும் கொட்டும். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்கள் வராது. ஃபைல்கள் மிக அதிகமானால் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று நின்றுவிடும்: நட்சத்திரத்தை விரிப்பது ஷெல், அந்த நீளத்துக்குக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வரம்பு வைத்திருக்கிறது. ஃபைண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேட்டவர்:
நன்றி, ஃபைண்ட் சரியாக வருது. 'ரியல்பாத் *' என்றும் போட்டுப் பார்த்தேன். ஒரு ஃபைல் மட்டும் வேறு ஃபோல்டரில் இருப்பதாகக் காட்டுது, ஏன்?

பதில் 1:
அது சிம்லிங்க்காக, அதாவது வேறு இடத்தில் உள்ள ஃபைலைச் சுட்டும் குறுக்குவழியாக, இருக்கும். ரியல்பாத் லிங்க்கைப் பின்தொடர்ந்து போய் அசல் இடத்தைச் சொல்லும். லிங்க் இருக்கும் இடமே வேண்டுமென்றால் 'ரியல்பாத் -எஸ் *'. மேலே சொன்ன -டைப் எஃப் சிம்லிங்க்குகளை விட்டுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

பதில் 3:
ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கும் இடம்தான் ஆபத்து. வரும் பட்டியலை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ், சும்மா விட்டால் ஸ்பேஸிலேயே வெட்டும். 'மாத அறிக்கை' என்ற ஒரு ஃபைல் இரண்டாகப் போய்ச் சேரும். வரி வரியாகப் படிப்பதும் முழுப் பாதுகாப்பில்லை, ஃபைல் பெயருக்குள் புதுவரி எழுத்தே இருக்கலாம். பாத்துக்குள் வரவே முடியாதது 'நல்' எழுத்து (மதிப்பு பூஜ்ஜியமான எழுத்து) ஒன்றுதான், அதை வைத்துப் பிரியுங்கள்:

ஃபைண்ட் "$பிடபிள்யூடி" -டைப் எஃப் -பிரின்ட்0 | எக்ஸ்ஆர்க்ஸ் -0 ./ஸ்கிரிப்ட்

-பிரின்ட்0 கடைசியில் வரணும். -டைப்புக்கு முன்னால் வைத்தால் வடிகட்டுமுன்பே அச்சடித்துவிடும், ஃபோல்டர்களும் சேர்ந்து போகும்.