மான்மேல் நிற்கும் தெய்வம்: வேடனா, காவலனா?

செழியன்:
இன்றைய துருக்கியான அனத்தோலியாவில் பண்டு வாழ்ந்த லூவிய மக்கள் குருந்தா என்றும், பிற்காலத்தில் ருந்தியா என்றும் அழைத்த மான் தெய்வத்தை வெறும் காவல் தெய்வம் என்று எழுதிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த போச்சா கல்வெட்டில் குர்தி என்னும் அரசன், புயல் தெய்வமான தர்ஹுன்சா தனக்கு நிலங்களையும், ருந்தியா காட்டு விலங்குகளையும் அருள்வதாகச் சொல்கிறான். இதில் வேட்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

யாழினி:
ஐயா, அனத்தோலியாவை முன்பு ஆண்ட ஹித்தைத்துப் பேரரசின் எழுத்தர்கள் இத்தெய்வத்தை 'லம்மா' என்ற சுமேரியக் குறியால்தான் எழுதினார்கள். அதன் பொருளே காக்கும் தெய்வம். புயல் தெய்வத்தின் தேரைக் காளைகள் இழுப்பதால் அவரைக் காளை வேட்டைக்காரர் என்று யாரும் சொல்வதில்லையே! மேலும், தர்ஹுந்தசா நாட்டின் மன்னன் குருந்தா இத்தெய்வத்தின் பெயரையே தாங்கி, மான்கொம்புக் குறியால் அதை எழுதினான். இரையின் அடையாளத்தை ஓர் அரசன் தன் பெயராகச் சூடிக்கொள்வானா?

செழியன்:
காளை உவமை பொருந்தாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹித்தைத்து வெள்ளிக் கிண்ணத்தைப் பாருங்கள்: முன்னங்கால் மடித்த மானின் உருவில் தகட்டைத் தட்டிச் செய்யப்பட்ட அதன் கழுத்துப் பட்டையில், வல்லூறும் வளைகோலும் ஏந்திய தெய்வம் மானின் முதுகில் நிற்கிறது, அதே பட்டையில் ஒரு மரத்தடியில் செத்த மான் கிடக்கிறது, மரத்தில் அம்பறாத்தூணி தொங்குகிறது. தாங்கும் மானும் வீழ்ந்த மானும் ஒரே கிண்ணத்தில்! 1946இல் கண்டறியப்பட்ட கராதெப்பேயின் லூவிய-பினீசிய இருமொழிக் கல்வெட்டிலும், ருந்தியாவுக்கு ஈடாகப் பினீசியப் பகுதி நிறுத்துவது அம்பெய்யும் தெய்வமான ரெசெஃபைத்தான்.

யாழினி:
அந்த மரத்தைப் பற்றியே பேசுவோம். சினந்து மறைந்து திரும்பிவரும் தெய்வமான தெலிப்பினுவின் ஹித்தைத்துக் கதை முடிவில், என்றும் பசுமையான ஏயா மரத்தில் 'குர்ஷா' என்னும் ஆட்டுத்தோல் வேட்டைப் பை தொங்குகிறது. அதற்குள் இருப்பவை அம்புகள் அல்ல. ஆட்டுக் கொழுப்பு, தானியம், மது, நீண்ட ஆயுள், மக்கட்பேறு. வேடனின் பையே நாட்டின் செழிப்பைக் காக்கும் கலமாகிவிட்ட ஒரு மரபில், அவன் தெய்வம் மட்டும் கொலையோடு நின்றுவிடுமா?

செழியன்:
செழிப்பை நான் மறுக்கவில்லை, அம்மா. அது எந்த வழியாக வருகிறது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. வெள்ளிக் கிண்ணத்தில் இரண்டு ஈட்டிகள் செங்குத்தாக நிற்கின்றன. வேட்டை முடிந்துவிட்டது, மானை எடுத்துக்கொண்டவர்கள், அந்த மானுக்கு உரியவர் முன் வந்து பானம் வார்க்கிறார்கள்.